கல்லூரிக்குப் பின்னால் ஏழு குழாய்கள்

அன்று கல்லூரிக்குப் பின்பக்கம், மலையைத் தாங்கும் அணைச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்தில் நின்றவர்கள் ஆறு பேர். மண்சரிவைப் பரிசோதிக்க வந்த அதிகாரி. கல்லூரி அதிபர். பெற்றோர் சங்கத்தின் செயலாளரான ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. வாச்சர். இந்தக் கட்டடத்தை வரைந்த, மாநகர சபையின் பழைய கட்டடக் கலைஞர். எழுபது வயதைத் தாண்டிய அவரை நாங்கள் அன்றும் இன்றும் ‘பிளான் ஐயா’ என்றுதான் சொல்லுவோம். ஆறாவது ஆள் நான். கேன்டீன் நடத்துகிறவளை இந்த மாதிரி விசயத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. தேத்தண்ணி கொண்டுபோனேன், திரும்பி வரவில்லை.

ஆட்களை எண்ணி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு தோட்டத்தில் பாதிப் பேர் தாங்களும் நின்று பார்த்ததாகக் கதை சொன்னார்கள். நான் சொல்லாததை எல்லாம் சொன்னதாகவும் சொன்னார்கள். பார்த்தது நாங்கள் ஆறு பேர் மட்டும்.

முதலில் கட்டடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் நான் செய்த காரியத்தின் கனம் விளங்காது.

இந்தக் கட்டடத்துக்கு முன் ‘கல்லூரி’ என்று எங்களுக்கு இருந்தது, மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரின் மேல்மாடி. ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடம். காற்று நன்றாக வருவதற்கென்றே கட்டியது என்பதால் குளிர் பிள்ளைகளை வாட்டியது. எட்டாம் வகுப்புவரை நான் அங்கே படித்தேன். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்த வருடம் நின்றேன். எழுத்துப் பிழைக்கு இப்போதும் பயந்து பயந்துதான் எழுதுகிறேன்.

நான் நின்று இரண்டு வருடத்தில் புதிய கட்டடத்துக்கு இடம் கிடைத்தது. நகரத்து எல்லைப் போக்கான சின்னப் பாலத்தைத் தாண்டி, தேயிலை மலையின் அடியில், தோட்டம் கொடுத்த ஒரு துண்டு நிலம். மூன்று தோட்டத்து ஆட்கள் மாதம் ஒரு ‘பேரை’, அதாவது ஒருநாள் சம்பளத்தை, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். சிலர் கைநாட்டு வைத்தார்கள். பிளான் வரைய ஆள் வேண்டும். நகரத்தில் இருந்த ஒரே கட்டடக் கலைஞர் மாநகர சபை உத்தியோகத்தர். சிங்களவர். எங்கள் நிலம் அவருடைய எல்லைக்குள் இல்லை. அவருடைய கையெழுத்துக்கு எல்லைப் போக்குக்கு இந்தப் பக்கம் பெறுமதியும் இல்லை. இருந்தும் அப்போதைய அதிபர் போய்க் கேட்டதும் சம்மதித்தார். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, ஒரு சதம் வாங்காமல் வரைந்து கொடுத்தார்.

அப்போது நான் அங்கே மணல் சுமந்துகொண்டிருந்தேன். பதினாறு வயது. தாச்சி நிறைய மணலைத் தலையில் வைத்து ரோட்டிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். பிளான் ஐயா சீமெந்துப் பை மேல் உட்கார்ந்து எங்களிடமே கேள்வி கேட்பார்.

“மழை எந்தப் பக்கம் அடிக்கும்?”

“மாசத்துக்கு ஒரு பக்கமுங்க ஐயா,” என்றாள் எங்களோடு சுமந்த ஒருத்தி. “எங்க வூட்டுக்காரர் மாதிரி.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்காமல் எந்த மாசம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தென்மேற்குப் பக்கத்துக்கு ஜன்னல் வைக்காததும், அந்தப் பக்கம் முழுவதும் கண்ணாடி போட்ட நீள நடையை விட்டதும் அதற்குப் பிறகுதான். ஜன்னல்களைப் பதிவாக, தாழ்த்தி வைத்தார், சின்னப் பிள்ளையும் உட்கார்ந்தபடியே வெளியே பார்க்கலாம். ஈரக் குடை மாட்ட நடை நெடுகக் கொளுக்கி வைத்தார். எங்கள் பிள்ளைகள் நனைந்துகொண்டுதான் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் ரொட்டி சாப்பிட்டபடி சொன்னார்: “முப்பது வருஷம் சர்வீஸ் போகும் எனக்கு. மார்க்கெட் கூரை, பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ். நான் கீறினது எல்லாம் கக்கூஸ் நங்கி. இது மட்டும்தான் பில்டிங்.”

நங்கி என்றால் தங்கச்சி. என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

பின்பக்கத்து அணைச் சுவரைக் கட்டிய நாட்களில் மட்டும் அவர் லீவு போட்டு வந்து நின்றார். கருங்கல் சுவர். அதன் அடியிலிருந்து இரண்டடி உயரத்தில் ஏழு வடிகுழாய்கள். கொத்தனார், எங்கள் பேச்சில் மேசன் பாஸ், கல் வைத்துக் கட்டும்வரை குழாயைச் சரிவாகப் பிடிக்க ஒரு ஆள் தேவை. என் கை சின்னது என்று என்னைப் பிடிக்கச் சொன்னார்.

“சரிவா நங்கி. இன்னும் கொஞ்சம் கீழ. மலைக்குள்ள தண்ணி இருக்கு. வெளிய விடாட்டி சுவரைத் தள்ளும்.”

ஏழு குழாயையும் நான்தான் பிடித்தேன். எத்தனை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பவும் எனக்கு வழியில்லை.

திறப்பு விழாவில் கல்லில் வெட்டிய பெயர்களில் பிளான் ஐயாவின் பெயர் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, கேக் துண்டைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.

அதன்பிறகு நான் கல்யாணம் கட்டினேன், கொழுந்து எடுத்தேன், மகளைப் பெற்றேன், கணவரை இழந்தேன். மகள் கல்லூரியில் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது கேன்டீன் டென்டர் எனக்குக் கிடைத்தது. கிடைத்த அன்றே பயமும் கூடவே வந்தது. வடையில் கல் கிடந்து பிள்ளையின் பல் உடைந்தால், கேஸ் கசிந்தால், பருப்பு புளித்தால். என் புத்தி எப்போதும் நடக்காததைத்தான் முதலில் பார்க்கும். ஆனால் அந்த மாசி மாதம் நிஜமாகவே ஒன்று நடந்தது. தண்ணீர் நின்றது. கல்லூரித் தண்ணீர்த் தாங்கியின் அடியில் சேறு. சுகாதார உத்தியோகத்தர் வந்து, “தண்ணி இல்லாத கேன்டீனை நடத்த விட ஏலாது. ரெண்டு கிழமை டைம்,” என்று எழுதிவிட்டுப் போனார்.

பின்னால் போய்ப் பார்த்தேன். ஏழு குழாயிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, கீழே வடிகாலான கானில் ஓடியது. தோட்டத்தில் பிறந்த யாரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். எங்கே மலை கசிந்தாலும் அங்கே ஒரு தகரத்தையோ மூங்கிலையோ செருகிப் பீலி ஆக்குவது எங்கள் பழக்கம். குளிப்பது, குடிப்பது, சட்டி கழுவுவது எல்லாம் பீலியில்தான். வடிய விட்ட தண்ணீர், பிடிக்க வேண்டிய தண்ணீர் என்று இரண்டு வகை எங்களுக்குக் கிடையாது.

முதலில் தகரம் வைத்தேன். வாளி நிறைய ஒரு மணித்தியாலம் எடுத்தது. அப்போதுதான் தோன்றியது, ஒன்றை அடைத்தால் பக்கத்துக் குழாயில் கூடும் என்று. பள்ளி விடுமுறை. அரிசிச் சாக்கைக் கிழித்துத் திணித்து, மிச்சம் கிடந்த சீமெந்தைக் குழைத்து ஒரு குழாயை மூடினேன். மறுநாள் பக்கத்துக் குழாயில் கயிறு மாதிரித் தண்ணீர் வந்தது. அந்தச் சந்தோசத்தில் புத்தி மறைந்தது. ஒரு கிழமைக்குள் ஐந்தை அடைத்துவிட்டேன். சீமெந்து தெரியாமல் இருக்க மேலே மண்ணும் பாசியும் பூசினேன். பூசும்போதே எனக்குத் தெரியும், சரியான காரியத்துக்கு யாரும் பாசி பூச மாட்டார்கள்.

மிச்ச இரண்டிலும் பெருவிரல் மொத்தத்துக்குத் தண்ணீர். குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினேன். வாச்சர் வந்து பார்த்துவிட்டு, “அக்கா, மலையையே கறந்துட்டீங்க,” என்றார். நானா கடையிலிருந்து ஒரு தண்ணீர் டேப் இனாமாகக் கொண்டுவந்து பூட்டினார். “பிளாஸ்டிக் இல்ல தங்கச்சி, பித்தளை. உங்க மகள் கலியாணம் வரைக்கும் வரும்.” பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தண்ணீர் எப்படிக் கூடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நெடுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மழைக் காலம் வரும்போதெல்லாம் பின்னால் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பேன். திறந்துவிடலாம் என்று நினைப்பேன். திறந்தால் தண்ணீர் குறையும். குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த மாசியில் பார்ப்போம் என்று விடுவேன்.

மூன்றாவது வருடம் பிளான் ஐயா வந்தார். பென்சன் எடுத்து நாளாகியிருந்தது. தனியாக, கையில் குடையுடன். ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தார், கொளுக்கிகளை எண்ணினார். என் கேன்டீனில் ரொட்டி சாப்பிட்டார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“பீலி நல்லா இருக்கு,” என்று சிரித்தார். அப்புறம் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பார்த்தார். “மத்தது அஞ்சும் எங்க?”

“காஞ்சிருச்சுங்க ஐயா. தண்ணி வரலைன்னு பாசி ஏறிருச்சு.”

குடை முனையால் பாசியைக் குத்திப் பார்க்கலாமா என்று யோசித்தது மாதிரி இருந்தது. குத்தவில்லை.

“நீங்க பிடிச்ச குழாய்தானே. நீங்க சொன்னா சரி, நங்கி,” என்றார். “மழைக்குத் தண்ணி வருதா பாருங்க. வராட்டி எனக்கு கோல் ஒண்டு எடுங்க.”

ஒரு பிஸ்கட் பெட்டி மூடியில் நம்பரை எழுதித் தந்தார். நான் எடுக்கவில்லை. மூன்று மழைக்காலம் எடுக்கவில்லை.

போன கார்த்திகை மழை எப்படிப் பெய்தது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரோடு போனது, நானுஓயா ரயில் நின்றது. கல்லூரி பூட்டியிருந்ததால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் வாச்சர் என் லயத்து வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, “அக்கா, சுவர் வயிறு தள்ளி நிக்குது,” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரின் நடுப்பகுதி பானை மாதிரி முன்னால் வந்திருந்தது. அந்த நடுவில் மட்டும் சுவருக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகத்தான் இடம். ஒன்பதாம் வகுப்பறையில் தரையிலிருந்து ஜன்னல்வரை வெடிப்பு. என் கை அதற்குள் போனது.

கட்டடத்துக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். அறுநூறு பிள்ளைகளும் கோயில் மண்டபத்திலும் தகரக் கொட்டிலிலும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். என் மகள் அப்போது பதினோராம் ஆண்டு, பரீட்சை எழுத இருந்தவள். அவள் கொட்டிலில் நின்றுகொண்டு படித்துவிட்டு வந்து, “அம்மா, ஸ்கூலை ஒடைச்சிருவாங்களாம்மா?” என்று கேட்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

பரிசோதனை அன்று பிளான் ஐயாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பழைய பிளானைச் சுருட்டி, மழை படாமல் பொலித்தீனில் போட்டுக் கொண்டுவந்தார். தரையில் விரிக்க இடமில்லை, நானாவின் முதுகில் வைத்து விரித்தார்கள். “மெதுவா சேர், முதுகு எனக்கு இன்னும் வேணும்,” என்றார் நானா. அன்று யாராவது சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அதிகாரி இளவயது. கெட்டவர் இல்லை. சிங்களத்தில் நிதானமாகப் பேசினார், எனக்கு விளங்கியது. இவ்வளவு நீளச் சுவருக்கு இரண்டே வடிகுழாய். தண்ணீர் போக வழியில்லை. வடிவமைப்பிலேயே பிழை. அதற்கும் மேலே, இந்த நிலத்தில் வரைய இவருக்கு அதிகாரமும் இருக்கவில்லை.

“பிளானில் ஏழு இருக்கு,” என்றார் பிளான் ஐயா.

“பிளானில் இருக்கு. சுவரில் எங்கே?”

பிளான் ஐயா சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சுவர் வீங்கியதில் கல்லும் மண்ணும் பாசியும் சரிந்து ஒன்றாகக் கிடந்தன. எந்த இடத்தில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

“ஐயா ஃப்ரீயாத்தான் செஞ்சு குடுத்தாரு,” என்றார் அதிபர் மெதுவாக.

“ஃப்ரீயாகச் செய்தால் பொறுப்பு இல்லையா?” என்று அதிகாரி கேட்டார்.

நானா கேட்டார்: “அப்ப ஒடைக்கத்தானா சேர்?”

அதிகாரி தலையை ஆட்டினார். வடிவமைப்பே பிழை என்றால் சுவரை மட்டும் திருத்திப் பயனில்லை, கட்டடத்தை நம்ப முடியாது என்றார். கட்டியபோது இரண்டு குழாய்தான் வைத்தது என்று ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று தாளை நீட்டினார்.

பிளான் ஐயா தாளை வாங்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். காட்டிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, “எனக்கு வயசாகிட்டது,” என்றார். “ஏழு என்றுதான் ஞாபகம். முந்தி வந்தப்பவும் ரெண்டைத்தான் கண்ணால கண்டேன். சில நேரம் சைட்டில் நான்தான் மாத்தினேனோ தெரியாது.” பிறகு என்னிடமே கேட்டார்: “நங்கி, நீங்க பிடிச்சது எத்தனை?”

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

சொன்னால் கேன்டீன் போகும். நானும் மகளும் என்ன செய்வோம். சொல்லாவிட்டால் கட்டடம் போகும், அந்த மனிதர் தன் வாழ்நாளில் கட்டிய ஒரே பில்டிங்கைத் தானே பிழையாகக் கட்டியதாகக் கையெழுத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவார். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டார்.

வாச்சர் சேறு தோண்டிய அலவாங்குக் கடப்பாரை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. எடுத்தேன். இடது முனையிலிருந்து இரண்டாவது குழாய். அதிகாரி “எபா, எபா,” வேண்டாம் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் மூன்று குத்துக் குத்திவிட்டேன். சீமெந்து கழன்றது. சாக்குத் துண்டு வெளியே தொங்கியது. அப்புறம் தண்ணீர் பீறிட்டது, செம்மண் கரைந்த தண்ணீர். அதிகாரியின் காலுறைவரை நனைந்தது. நானா பிளானைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

“ஏழுங்க ஐயா,” என்றேன். “அஞ்சை நான்தான் அடைச்சேன்.”

அதிகாரி தொங்கிய சாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வாச்சர், “ஐயோ அக்கா,” என்று தலையில் கை வைத்தார். அதிபர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிளான் ஐயா தாளை மடித்து அதிகாரியிடம் கொடுத்தார். கையெழுத்து வைக்கவில்லை.

“காஞ்சிருச்சு என்று சொன்னீங்க,” என்றார் என்னிடம்.

“ஆமாங்க ஐயா.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நானாவின் வேனில் ஏறிப் போனார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. புதிய சுவருக்குப் பிளான் வேண்டும் என்று அதிபர் கோல் எடுத்தபோது தபாலில் அனுப்பினார். ஏழு என்பதைச் சிவப்புப் பேனாவால் வெட்டி ஒன்பது ஆக்கியிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

அதிகாரி தன் அறிக்கையை மாற்றினார். மற்ற நான்கு அடைப்பையும் ஆட்களை வைத்துப் பக்குவமாகத் திறக்க வேண்டும். நடுவில் வீங்கிய முப்பது அடிச் சுவரைப் பிரித்து, ஆனி மழைக்கு முன் திரும்பக் கட்டி முடிக்க வேண்டும். முடித்தால் கட்டடம் நிற்கலாம். முடிக்காவிட்டால் முந்திச் சொன்னதுதான், உடைப்புத்தான்.

பெற்றோர் சங்கக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் தூண் ஓரமாக நின்றேன். ஒரு அப்பா எழுந்து, “நாங்க மாசம் ஒரு பேரு வெட்டிக் கட்டுன பில்டிங்கு. பொன்னாடை வேற போத்துனோம். அதயாவது திருப்பிக் குடுப்பாங்களா?” என்றார். மண்டபம் சிரித்தது. பொன்னாடை வீட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி ஆகிவிட்டது என் புத்தி.

அடைத்தவள் கட்டட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். நானா மட்டும், “ஒரு பொம்பளைக்கு இவ்வளவு தாங்காது, கடையில சீமெந்தை நான் விலைக்கே தாறேன்,” என்றார். அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை. கேன்டீன் வேறு ஆளுக்குப் போனது. நான் திரும்பக் கொழுந்துக் கூடை தூக்கினேன். மலையில் பக்கத்து நிரையில் எடுக்கிறவர்கள் என் காதுபடவே, “பாத்து எடுங்கடி, வேரையும் அடைச்சிரப் போறா,” என்பார்கள். நான் குனிந்து எடுப்பேன்.

மகள் கொட்டிலில் இருந்தே பரீட்சை எழுதினாள். மேல் வகுப்புக்கு இந்தக் கட்டடம் இருந்தால்தான் இடம். இல்லாவிட்டால் இருபது மைல் தள்ளிப் போக வேண்டும், அதற்கு பஸ் காசு என்னிடம் இல்லை. அவளும் என்னைப் போல் இடையில் நின்றுவிடுவாளோ என்ற பயம்தான் இப்போது என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இது சித்திரை. சுவரைப் பிரித்து, பதினேழு அடி கட்டியாகிவிட்டது. மிச்சம் பதின்மூன்று அடிக்கு மலை பச்சை மண்ணாகத் திறந்து கிடக்கிறது. மேசன் பாஸ் மூன்று நாளாக வரவில்லை. “காசைக் கொண்டாங்க அக்கா, கல்லை ஏத்துறேன். எனக்கும் பிள்ளைக் குட்டி இருக்கு,” என்கிறார். அவர் சொல்வதில் பிழையில்லை. நேற்றுப் பின்நேரம் திம்புள்ளப் பக்கமாக இடி கேட்டது.

சுவருக்கு மொத்தம் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் ரூபா. தாலிச் சங்கிலியும் தோடும் விற்று நான்கு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தேன். கணவரின் சேமலாபப் பணத்தில் மிஞ்சியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். கேன்டீன் குளிர்சாதனப் பெட்டியும் கேஸ் அடுப்பும் நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறுக்குப் போயின. இன்னும் கொடுக்க வேண்டியது இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. விற்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை.